ஸ்னோ புளோவர் எஞ்சினில் கம்ப்ரஷன் பார்ப்பது எப்படி? கேஜ் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பனியை அள்ளி வீசும் ஸ்னோ புளோவரின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சரசரவென்று வருகிறது. பெட்ரோல் புதிது, பிளக்கில் பொறியும் வருகிறது, ஆனாலும் எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. அல்லது ஸ்டார்ட் ஆகிறது, லேசான பனியை நன்றாகவே தள்ளுகிறது, ஆனால் சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி டிரைவ்வே வாசலில் ஒதுக்கிவிட்டுப் போன ஈரப்பனி மேட்டில் நுழைந்ததும் திணறி நின்றுவிடுகிறது. இப்படி ஏதாவது நடந்தால் எஞ்சினின் கம்ப்ரஷனையும், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும், ஒரு கை பார்த்துவிட வேண்டியதுதான்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. ஒரு கேஜ், பிளக் கழற்றும் சாக்கெட், கொஞ்சம் பொறுமை போதும். சிரமமெல்லாம் கேஜ் காட்டுகிற எண்ணைப் புரிந்துகொள்வதில்தான். கார் எஞ்சினுக்கான கணக்கை வைத்துக்கொண்டு ஸ்னோ புளோவரைச் சோதித்து, "60 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இருக்கிறது, எஞ்சின் போச்சு" என்று நல்ல எஞ்சினையே கழித்துக் கட்டுகிறவர்கள் உண்டு. சில எஞ்சின்களில் அந்த 60 முற்றிலும் சரியான அளவு. காரணத்தை உரிய இடத்தில் சொல்கிறேன்.

கம்ப்ரஷன் மேல் பழி போடும் முன்

கோடை முழுக்க கராஜில் சும்மா நின்ற ஸ்னோ புளோவர் டிசம்பரில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் கார்புரேட்டர்தான். டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் கெட்டுப் பிசினாகி, ஜெட்டின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது என்றால் அது கார்புரேட்டர் அடைப்பின் அடையாளம். கம்ப்ரஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதை உறுதிப்படுத்த எளிய வழி: பிளக்கைக் கழற்றி, புதுப் பெட்ரோல் அரை டீஸ்பூன் மட்டும் அந்தத் துளை வழியாக விட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டு இழுங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் (எப்படி அடையாளம் காண்பது என்று கீழே சொல்கிறேன்) என்றால் ஆயில் கலந்த பெட்ரோலையே விட வேண்டும். இரண்டு மூன்று விநாடி உறுமிவிட்டு நின்றால் பொறியும் கம்ப்ரஷனும் ஓடுகிற அளவுக்கு இருக்கின்றன, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டரைச் சுத்தம் செய்யப் போய்விடலாம்.

அப்புறம், டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலை மோந்து பாருங்கள். கார்புரேட்டரில் மிதவையின் ஊசி சரியாக அடைக்காமல் போனால் பெட்ரோல் கசிந்து ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் மட்டம் குறிக்கு மேலே ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால் சோதனையை நிறுத்துங்கள். அந்த ஆயிலில் எஞ்சினை ஓட்டக் கூடாது, கயிறு இழுத்துச் சோதிக்கவும் கூடாது. சிலிண்டர் சுவரில் இருக்க வேண்டிய ஆயில் படலத்தைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போய்விடுவதால் பிஸ்டனைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் அடைக்கிற ரிங் நன்றாக இருந்தும் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டும். சோக்கைப் போட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப இழுத்து எஞ்சினை நனைத்துவிட்டாலும் இதே கதைதான். நனைந்த எஞ்சினில் பிளக்கைக் கழற்றி வைத்து நன்றாகக் காயவிட்ட பிறகே கேஜைத் தொடுங்கள்.

ஆயிலின் தடிமனையும் கவனியுங்கள். பனிக்கால எஞ்சினுக்கு 5டபிள்யூ-30 தான் வழக்கம். யாராவது புல் வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கிய எஸ்ஏஇ 30 ஆயிலை ஊற்றியிருந்தால், உறைகுளிரில் அது கூழாகி எஞ்சினை வேகமாகச் சுற்ற விடாது. மெதுவாகச் சுற்றினால் கேஜும் குறைவாகவே காட்டும்.

உங்களிடம் இருப்பது எந்த எஞ்சின்?

ஆயில் ஊற்ற மூடியோ டிப்ஸ்டிக்கோ இல்லாமல் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுகிறீர்கள் என்றால் அது டூ ஸ்ட்ரோக். பழைய சிறிய ஒற்றைக் கட்ட மெஷின்களில், முக்கியமாக டோரோவின் பழைய மாடல்களில், இதைப் பார்க்கலாம். இரண்டு கட்ட மெஷின்கள், அதாவது பனியை உள்ளே இழுக்கும் ஆகர் என்ற திருகு முன்னேயும், அதை வீசியெறியும் இம்பெல்லர் என்ற விசிறி பின்னேயும் இருப்பவை, ஏறக்குறைய எல்லாமே ஃபோர் ஸ்ட்ரோக்.

ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் இரண்டு வகை. டெகம்சே நிறுவனத்தின் ஸ்னோ கிங் வரிசையில் பழைய எச்.எம்.80 போன்றவற்றில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். சிலிண்டரின் தலைப்பகுதி வெறும் தட்டையான மூடிதான். எரியன்ஸ், டோரோ, கிராஃப்ட்ஸ்மேன் என்று வட அமெரிக்காவின் பழைய மெஷின்கள் பலவற்றில் இந்த எஞ்சின்தான் இருக்கிறது. அந்த நிறுவனம் சிறிய எஞ்சின் தயாரிப்பை 2008ஓடு நிறுத்திவிட்டது, ஆனால் எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஹோண்டா, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், எல்சிடி, லோன்சின் ஆகியவற்றின் புதிய எஞ்சின்களில் வால்வுகள் தலையிலேயே இருக்கும். தலையின் முனையில் சில போல்ட்டுகளோடு தனியாக ஒரு வால்வு மூடி தெரிந்தால் அது இந்த வகை. பழுது பார்க்கும் வழி இரண்டிலும் வேறு வேறு என்பதால் இதை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கேஜை ஏமாற்றுகிற ஒரு சின்ன உறுப்பு

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் முழு கம்ப்ரஷனையும் கையால் இழுத்துத் தாண்டுவது கஷ்டம். 250 சிசி, 300 சிசி என்றால் கயிறு கையைப் பிடுங்கிவிடும். அதனால் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டில் டிகம்ப்ரஷன் ஏற்பாடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, பிஸ்டன் காற்றை அழுத்துகிற நேரத்தில், ஒரு வால்வை அது மயிரிழை அளவு திறந்துவைக்கும். அழுத்தத்தில் ஒரு பகுதி அந்த வழியே போய்விடுவதால் கயிறு லேசாகும்.

ஹோண்டாவிலும் டெகம்சேயிலும் இது புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கும். அங்கே சின்ன எடைத்துண்டு ஒன்று இருக்கிறது. எஞ்சின் வேகம் பிடித்ததும் அது வெளிப்பக்கம் விலகிக்கொள்ள, வால்வு முழுதாக மூடும். பிரிக்ஸ் எஞ்சின்கள் பலவற்றில் அசையும் உறுப்பு எதுவுமே கிடையாது. காற்று உள்ளே வருகிற இன்டேக் வால்வைத் திறக்கும் கேமின் வடிவத்திலேயே சின்ன மேடு ஒன்று இருக்கும். வேகமாக ஓடும்போது அந்த நொடிப்பொழுதில் காற்று தப்பிக்க நேரம் போதாது, அவ்வளவுதான்.

ஆக, கயிற்றை இழுத்து நீங்கள் பார்க்கிற எண் உண்மையான கம்ப்ரஷன் இல்லை. டிகம்ப்ரஷன் வேலை செய்தபோது மிஞ்சிய அழுத்தம். பிரிக்ஸ் நிறுவனம் தன் எஞ்சின்களுக்கு இத்தனை பிஎஸ்ஐ என்று அளவு வெளியிடாததற்கும் இதுதான் காரணம். அவர்கள் சொல்லும் சோதனையே வேறு, பின்னால் வருகிறது. டூ ஸ்ட்ரோக் ஸ்னோ புளோவர்களில் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கேஜ் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

என்னென்ன வேண்டும்

திருகி மாட்டுகிற வகை கம்ப்ரஷன் கேஜ் ஒன்று. துளையில் ரப்பர் முனையை அழுத்திப் பிடிக்கிற வகை வேண்டாம். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிறு இழுப்பது நடக்காத காரியம். கனடாவில் கனடியன் டயர், பிரின்சஸ் ஆட்டோ போன்ற கடைகளில் வாங்கலாம். அமெரிக்காவில் ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டி இரவல் எடுக்கலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, காற்றைத் திரும்ப விடாமல் பிடித்து வைக்கிற சின்ன வால்வு எங்கே இருக்கிறது என்பது. எஞ்சினில் திருகுகிற முனையிலேயே இருந்தால் நல்லது. குழாயின் மேல் கோடியில், கேஜுக்குப் பக்கத்தில் இருந்தால் குழாய்க்குள் இருக்கிற இடமும் எரியறையோடு சேர்ந்துகொள்ளும். கார் எஞ்சினில் அது பெரிய வித்தியாசம் காட்டாது. இந்தச் சின்ன எஞ்சினிலோ எண் கணிசமாக இறங்கிவிடும். அந்த வால்வு பழுதானால் டயர் டியூப்பின் வால்வைப் பிடுங்கி மாட்டாதீர்கள். பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் டயர் வால்வின் ஸ்பிரிங் கடினமானது என்பதால் அளவு குறைவாகவே வரும்.

இரண்டாவது, மரையின் நீளம். பெரும்பாலான ஸ்னோ புளோவர் பிளக்குகளின் மரை 14 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. நீளம்தான் மாறும். ஹோண்டா ஜிஎக்ஸ் எஞ்சின்களின் பிளக்கில் மரை சுமார் 19 மில்லிமீட்டர். பழைய டெகம்சே பிளக்கில் அதில் பாதிதான். நீளமான அடாப்டரைக் குட்டையான துளையில் திருகினால் அது உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனையோ வால்வையோ தட்டலாம். கழற்றிய பிளக்கையும் அடாப்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருகுங்கள்.

பிளக் சாக்கெட் பெரும்பாலும் 13/16 அங்குலம், சில பிரிக்ஸ் எஞ்சின்களுக்கு 5/8. இவற்றோடு கொஞ்சம் எஞ்சின் ஆயில், ஒரு டீஸ்பூன், பழந்துணி, குறித்துக்கொள்ள ஒரு பேனா.

தயார்ப்படுத்துதல்

எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் ஐந்து பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். வெளியே நிறுத்தி ஓட்டுங்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஓடாத எஞ்சின் என்றால் குளிர்ந்த நிலையிலேயே சோதிக்கலாம்; குறிப்பில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு சாவியை எடுத்துவிடுங்கள், பெட்ரோல் குழாயை மூடுங்கள். ஆகர், வீல் டிரைவ் லீவர்கள் இரண்டும் விடுபட்ட நிலையில் இருக்க வேண்டும். இம்பெல்லரில் பனிக்கட்டி சிக்கியிருந்தால் முதலில் அதற்கான குச்சியால் தட்டி எடுங்கள், எஞ்சின் நின்றிருந்தாலும் கையை விடாதீர்கள். பெல்ட்டில் இறுக்கம் மிச்சமிருந்தால் அடைப்பு விலகிய மறுகணம் இம்பெல்லர் சட்டென்று சுற்றும்.

பிளக் வயரைக் கழற்றுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள அழுக்கை ஊதிவிட்டுக் கழற்றுங்கள், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். கழற்றிய பிளக்கை வயரில் திரும்ப மாட்டி, துளையிலிருந்து தள்ளி, எஞ்சினின் வெற்று உலோகத்தில் படும்படி வையுங்கள். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டு எஞ்சினைச் சுற்றினால் இக்னிஷன் காயிலுக்கு ஆகாது. துளைக்குப் பக்கத்தில் பொறி பறந்தால் வெளியே பீய்ச்சுகிற பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளலாம்.

கழற்றிய பிளக்கைச் சும்மா வைத்துவிடாமல் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நுனி கறுப்பாக ஆயிலில் ஊறியிருந்தால் ரிங் அல்லது தலை கேஸ்கட் (தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவே அடைக்கிற தகடு) பக்கம் சந்தேகம் போகட்டும். பெட்ரோலில் நனைந்திருந்தால் எஞ்சினைக் காயவிட வேண்டும். டூ ஸ்ட்ரோக் பிளக்கின் நுனியில் மினுமினுக்கும் அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உரசிக்கொண்டிருக்கிறது. மேற்கொண்டு சோதிப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது.

அளந்து பார்ப்பது

அடாப்டரைக் கையாலேயே இறுக்கமாகத் திருகுங்கள். அடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் தேவையில்லை, அலுமினியத் தலையின் மரை பிய்ந்தால் அது தனிச் செலவு.

சோக்கை முழுதாகத் திறந்துவிட்டு, ஆக்சிலரேட்டர் லீவரை வேகம் பக்கம் கடைசிவரை தள்ளுங்கள். உள்ளே வரும் காற்றுக்குத் தடை இருந்தால் அழுத்துவதற்கே காற்று இருக்காது. சோக்கைத் திறக்க மறந்துவிட்டு, எண் குறைகிறதே என்று கவலைப்படுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற கூத்து.

இப்போது கயிற்றை முழு நீளத்துக்கும், ஒரே வேகத்தில் இழுங்கள். முதல் இழுப்பில் முள் எங்கே நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேஜைக் காலி செய்யாமல் தொடர்ந்து இழுங்கள். ஐந்தாறு இழுப்பில் முள் ஏறுவது நின்றுவிடும். அந்தக் கடைசி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். கேஜைக் காலி செய்துவிட்டு முழுதாக இன்னொரு முறை எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அடாப்டர் வழியாகக் காற்று கசிகிறது, அல்லது நீங்கள் ஒரே மாதிரி இழுக்கவில்லை.

உங்கள் மெஷினில் சுவர்ப் பிளக்கில் செருகும் மின்சார ஸ்டார்ட்டர் இருந்தால் கயிற்றைவிட அது மேல், சீரான வேகத்தில் சுற்றும். வட அமெரிக்காவில் அவை 120 வோல்ட்டில் இயங்குபவை. நீட்டிப்பு வயரை முதலில் மெஷினில் செருகி, அப்புறம் சுவரில் செருகுங்கள். எடுக்கும்போது முதலில் சுவரிலிருந்து. ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் பொத்தானை அழுத்தாமல், இடையில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

எண்ணைப் படிப்பது

டூ ஸ்ட்ரோக்கில் கணக்கு எளிது. 100 பிஎஸ்ஐயைத் தாண்டினால் எஞ்சின் நன்றாக இருக்கிறது. 90க்குக் கீழே போனால் குளிரில் ஸ்டார்ட் செய்வது பாடாக இருக்கும். அதற்கும் மிகவும் கீழே என்றால் சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கம் வழவழப்பாக இல்லாமல் நெடுக்காகக் கீறல் விழுந்திருந்தால், யாரோ எப்போதோ ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றியிருக்கிறார்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் டிகம்ப்ரஷன் இல்லாமலோ, அது விலகிக்கொண்ட நிலையிலோ 90க்கு மேல் வரும். டிகம்ப்ரஷன் வேலை செய்யும்போது கயிறு இழுத்து 40 முதல் 70 வரை வந்தால் அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 20, 30 என்று வந்தாலோ முள் அசையவே இல்லை என்றாலோ நிச்சயம் கோளாறுதான்.

எண்ணைவிட முள் ஏறுகிற விதத்தைக் கவனிப்பது எனக்கு உபயோகமாகப் படுகிறது. நல்ல எஞ்சினில் முதல் இழுப்பிலேயே முள் பாதிக்கு மேல் தாவி, அடுத்த சில இழுப்புகளில் உச்சத்துக்குப் போய்விடும். ரிங் தேய்ந்திருந்தால் முதல் இழுப்பில் கொஞ்சமாகத்தான் ஏறும், ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். வால்வு சரியாக மூடவில்லை என்றால் முதல் இழுப்பிலும் குறைவு, பிறகும் பெரிதாக ஏறாது.

கடல் மட்டத்திலிருந்து உயரமான ஊரில் இருப்பவர்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 1,000 மீட்டருக்கு 10 சதவீதம் அளவு குறையும். கால்கரி சுமார் 1,045 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹாலிஃபாக்ஸில் 100 காட்டுகிற எஞ்சின் அங்கே 90 அளவுதான் காட்டும், எஞ்சினில் குறை ஒன்றுமில்லை.

ஒற்றைச் சிலிண்டர் என்பதால் காரில் மாதிரி பக்கத்துச் சிலிண்டரோடு ஒப்பிட வழியில்லை. எஞ்சின் நன்றாக ஓடும் காலத்திலேயே ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி பெல்ட் மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்துவிட்டால், பிற்பாடு அதே கேஜில், அதே மாதிரி இழுத்து ஒப்பிடலாம். எந்த அட்டவணையும் அதற்கு ஈடாகாது.

ஆயில் விட்டுச் சோதிப்பது

எண் குறைவாக வந்தால் அடுத்தது இது. கேஜைக் கழற்றி, பிளக் துளை வழியாக எஞ்சின் ஆயில் ஒரு டீஸ்பூன் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், ஆயில் இடத்தை அடைத்துக்கொண்டு பொய்யாக எண்ணைக் கூட்டிவிடும். புதிய எஞ்சின்களில் சிலிண்டர் சாய்வாக இருப்பதால் ஆயில் ஒரு பக்கமாகவே வழிந்துவிடும். அதனால் துளை மேல் துணியைப் போட்டுக்கொண்டு நான்கைந்து முறை மெதுவாகக் கயிற்றை இழுத்து ஆயிலைச் சுற்றிலும் பரவவிடுங்கள். பிறகு கேஜை மாட்டித் திரும்ப அளங்கள்.

எண் நன்றாக ஏறினால், ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஆயில் அடைத்திருக்கிறது, அதாவது தேய்மானம் அங்கேதான். எண் அசையவில்லை என்றால் காற்று வால்வு வழியாகவோ தலை கேஸ்கட் வழியாகவோ போகிறது. சோதனைக்குப் பிறகு எஞ்சினை ஓட்டினால் சில நிமிடம் நீலப் புகை வரும். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. டூ ஸ்ட்ரோக்கில் வால்வே கிடையாது என்பதால் இந்தச் சோதனை ரிங்கையும் கேஸ்கட்டையும் பிரித்துச் சொல்ல மட்டும்தான் உதவும்.

கேஜ் இல்லாமலே ஒரு சோதனை

பிரிக்ஸ் சொல்வது இதைத்தான், மற்ற எஞ்சின்களிலும் செய்து பார்க்கலாம். பிளக் எஞ்சினிலேயே இருக்கட்டும், வயரை மட்டும் கழற்றிவிடுங்கள். கயிற்றுச் சுருள் இருக்கிற மூடியைக் கழற்றினால் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எஞ்சின் கடிகார திசையில் சுற்றும். நீங்கள் ஃபிளைவீலை எதிர்த் திசையில், கம்ப்ரஷனை நோக்கி, வேகமாக ஒரு தள்ளு தள்ளுங்கள். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் ஃபிளைவீல் போன வேகத்தில் துள்ளித் திரும்பி வரும். சோம்பலாகத் திரும்பினாலோ, எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டு போனாலோ கோளாறு.

மூடியைக் கழற்றியதோடு உள்ளே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கோடையில் எலி அங்கே கூடு கட்டியிருப்பது சாதாரணம்; காற்று போகிற வழியை அடைத்து எஞ்சினை அதிகமாகச் சூடாக்கிவிடும்.

காற்று எங்கே போகிறது?

வீட்டில் ஏர் கம்ப்ரஸர் இருந்தால் லீக்-டவுன் சோதனைதான் எல்லாவற்றிலும் சிறந்தது. எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது வெளியிலிருந்து காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது, எங்கே கசிகிறது என்று பார்ப்பது. இரண்டு கேஜ் உள்ள டெஸ்டர் வேண்டும்.

பிஸ்டனை கம்ப்ரஷன் சுற்றின் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும். பிளக் துளையில் வைத்த கட்டைவிரலைக் காற்று தள்ளுகிற சுற்றுதான் நமக்கு வேண்டியது. ஃபிளைவீலை உறுதியாகப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். உச்சியிலிருந்து கொஞ்சம் விலகினாலும் உள்ளே போகும் காற்று எஞ்சினைச் சட்டென்று சுற்றிவிடும், அதனால் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள்.

அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கார்புரேட்டரில் உஸ்ஸென்ற சத்தம் வந்தால் இன்டேக் வால்வு, சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடியைத் திறந்ததும் அங்கே காற்று வந்தால் ரிங், அல்லது சில எஞ்சின்களில் வால்வைத் தள்ளும் புஷ்ராட் என்ற கம்பி போகிற வழிக்கு நேரே வெடித்த கேஸ்கட். தலையின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வருகிற இடத்தில் கேஸ்கட் போயிருக்கிறது. ரிங் வழியாகக் கொஞ்சம் கசிவது எல்லா எஞ்சினிலும் உண்டு. மொத்தக் கசிவு 20 சதவீதத்துக்குள் என்றால் விட்டுவிடலாம், 30ஐத் தாண்டினால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வால்வு இடைவெளி

தலையில் வால்வு உள்ள எஞ்சினில் கம்ப்ரஷன் குறைந்தால், ரிங் போயிற்று என்று முடிவு கட்டும் முன் வால்வு இடைவெளியைப் பாருங்கள். செலவே இல்லாத வேலை. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்து, வால்வை அழுத்தித் திறக்கிற ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி மொத்தமாகப் போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்க வேண்டும். ஹோண்டா ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்390 எஞ்சின்களுக்கு இன்டேக் 0.15 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.20 மில்லிமீட்டர். மற்றவற்றுக்கு எஞ்சின் மேல் உள்ள மாடல் எண்ணை வைத்துக் கையேட்டில் பாருங்கள். பிரிக்ஸில் சரியாக உச்சியில் வைத்து அளந்தால் டிகம்ப்ரஷன் மேடு குறுக்கிடும். பிஸ்டனை உச்சியைத் தாண்டி 6 மில்லிமீட்டர் இறக்கி வைத்து அளக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. இடைவெளி மிக அதிகமானால் டிகம்ப்ரஷன் ஏற்பாட்டால் வால்வை எட்ட முடியாது. அப்போது கயிறு பாறை மாதிரி கனக்கும், சில சமயம் கையைப் பிடுங்கும். "கம்ப்ரஷன் அதிகமாகிவிட்டது" என்று வருகிற புகார்களில் பல இதுதான், இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.

மூடியைத் திறந்த கையோடு, வளைந்த புஷ்ராட், இடம் விட்டுக் கழன்ற ராக்கர் ஏதாவது தெரிகிறதா என்றும் பாருங்கள். மாதக்கணக்கில் ஓடாத எஞ்சினில் வால்வுத் தண்டு துருப்பிடித்துத் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். துரு நெகிழ்த்தும் எண்ணெயைத் தண்டில் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மெதுவாக அசைத்தால் பல நேரம் விடுபட்டுவிடும். பக்க வால்வு டெகம்சேயில் இதற்குத் தலையைக் கழற்ற வேண்டும். அதில் இடைவெளியைச் சரிசெய்யும் திருகு கிடையாது, வால்வுத் தண்டின் நுனியை அளந்து தேய்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். தலையைக் கழற்றினால் புது கேஸ்கட் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று தவணையில், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்.

ரிங்தான் போயிருக்கிறது என்றால்

வால்வு, கேஸ்கட் வேலையை வீட்டிலேயே செய்யலாம். ரிங் மாற்றுவது என்றால் எஞ்சினை இறக்கி முழுதாகப் பிரிக்க வேண்டும். சிலிண்டரில் நகத்துக்குத் தட்டுப்படுகிற அளவுக்குக் கீறல் இருந்தால் புது ரிங் போட்டும் பயனில்லை. ஸ்னோ புளோவர் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் ஏர் ஃபில்டரே இருக்காது. பனிக்காலத்தில் தூசி கிடையாது, ஃபில்டர் வைத்தாலும் அது உறைந்து அடைத்துக்கொள்ளும் என்று அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மரம் அறுக்கிற கராஜில் அதை மூடாமல் நிறுத்தி வைத்தாலோ, கோடையில் தூசியில் ஓட்டிப் பார்த்தாலோ சிலிண்டர் தேய்வதற்குக் கேட்க வேண்டாம்.

மெஷினின் இரும்புப் பாகங்களும் கியர்பாக்ஸும் நன்றாக இருந்தால், பழைய எஞ்சினைப் பழுது பார்ப்பதைவிட புது எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டுவது பல நேரம் கட்டுப்படியாகும். அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் கடையின் பிரிடேட்டர் 212 சிசி எஞ்சினைப் பழைய மெஷின்களில் மாட்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஷாஃப்ட்டின் விட்டம், நீளம், தரையிலிருந்து அதன் உயரம், போல்ட் துளைகளின் இடைவெளி இவை நான்கையும் பழைய எஞ்சினில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே பெல்ட் மூடியைக் கழற்றி, பழைய எஞ்சினிலிருந்து எத்தனை ஷாஃப்ட் வெளியே வருகிறது என்றும் பாருங்கள். எம்டிடி தயாரித்த பழைய மெஷின்கள் சிலவற்றில் டெகம்சே எஞ்சினின் கேம் ஷாஃப்ட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது எஞ்சினின் முக்கிய ஷாஃப்ட்டான கிராங்க்கின் பாதி வேகத்தில், எதிர்த் திசையில் சுற்றிச் சக்கரங்களை ஓட்டுவது. ஒற்றை ஷாஃப்ட் எஞ்சினை அதில் மாட்டினால் ஆகர் சுற்றும், மெஷின் நகராது. இரண்டு ஷாஃப்ட் தெரிந்தால் புது எஞ்சினுக்குப் பணம் கட்ட வேண்டாம். அதே மாடலில் இன்னொரு பழைய எஞ்சினைத் தேடுங்கள், வாங்கும் முன் கேஜையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.